நினைவிலிருந்து எடுத்தால்தான் பாடம் நிற்கும்: மலையகப் பல்கலைக்கழக மாணவரும் கற்றல் தொழில்நுட்பமும்

பேராதனை, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ, பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ என மலைநாட்டிலும் அதன் சரிவிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் பாடநெறிகளுக்கு எல்.எம்.எஸ். (இணையவழிக் கற்றல் முகாமைத்துவத் தளம்) பக்கம் இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. திறந்து பார்த்தால் பெரும்பாலும் இருப்பவை விரிவுரை ஸ்லைட்கள், ஒப்படை சமர்ப்பிக்கும் இடம், சில பாடங்களுக்குச் சூம் பதிவு. மாணவர் அவற்றை இறக்கி வைத்துக்கொள்கிறார். பரீட்சைக்கு முந்திய ஸ்டடி லீவில் எடுத்து வாசிக்கிறார். குறிப்புகள் கைமாறும் வேலை இதில் நன்றாக நடக்கிறது. ஆனால் கைமாறிய குறிப்பு மாணவரின் தலைக்குள் தங்குவதற்கு வேறொரு வேலை நடக்க வேண்டும். அந்த வேலைக்கு இதே எல்.எம்.எஸ்.ஸில் கருவிகள் இருந்தும் அவற்றைத் தொடுவோர் குறைவு.

அது என்ன வேலை என்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. மாணவர் எல்லோரும் ஒரு சிறு உரைப்பகுதியைப் படித்தார்கள். பிறகு ஒரு பகுதியினர் அதையே திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் உரையை மூடிவைத்து, நினைவில் இருந்ததை வெற்றுத்தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81%க்கு எதிராக 75%. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழானது. திரும்பப் படித்தவர்களிடம் 42%, எழுதிப் பார்த்தவர்களிடம் 56%. எழுதிப் பார்த்தவர்களுக்கு யாரும் சரி பிழை சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நினைவிலிருந்து தேடி எடுக்கும் முயற்சியே நினைவைப் பலப்படுத்தியது.

அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் தமக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பினார்கள். இந்த நம்பிக்கையே பெரிய தடை. ஸ்லைட்டை மூன்றாம் தடவை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய்விடுகின்றன, பழக்கம் அறிவுபோலத் தோன்றுகிறது. பரீட்சை மண்டபத்தில் ஸ்லைட் கண்முன் இருக்காது. அங்கே வேண்டியது தேடி எடுக்கும் திறமை, அதைப் பழகியிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணி இடைவெளி. செபெடாவும் சக ஆய்வாளர்களும் 2008இல் 1,350க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு செய்த ஆய்வின்படி, ஒரு வாரம் நினைவில் வைத்திருக்க வேண்டுமானால் முதல் படிப்புக்கும் மீட்டலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நாள் விடுவது நல்லது. ஒரு வருடம் வைத்திருக்க வேண்டுமானால் ஏறத்தாழ மூன்று வாரம் விட வேண்டும். 15 வார செமஸ்டர் முழுவதையும் கடைசி ஒரு வாரத்தில் அடைக்கும் வழக்கம் பரீட்சையைக் கடக்க உதவலாம். அடுத்த வருடம் அதே அடிப்படையின் மேல் வேறொரு பாடம் ஏறும்போது கீழே ஒன்றும் இருக்காது.

மலையகத் தமிழ் மாணவருக்கு மூன்றாவது காரணி ஒன்றும் உண்டு. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உயர்தரத்தைத் தமிழில் முடித்தவர், விஞ்ஞானம், பொறியியல், விவசாயம், மருத்துவம் எதற்குப் போனாலும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். மனித மூளை ஒரே நேரத்தில் கையாளக்கூடிய புதிய அலகுகள் ஏறத்தாழ நான்கு என்கிறது கோவன் 2001இல் வெளியிட்ட ஆய்வு. விரிவுரையாளர் ‘அக்செலரேஷன்’ என்றதும் அதை ‘ஆர்முடுகல்’ என்று மாற்றிக்கொள்ள ஓர் இடம் போய்விடுகிறது. வாக்கியத்தின் எழுவாயைப் பிடித்துவைக்க இன்னோர் இடம். சமன்பாட்டுக்கு மிஞ்சுவது இரண்டே. பாடம் விளங்காததற்குக் கெட்டித்தனக் குறைவு காரணமல்ல, இடப்பற்றாக்குறையே காரணம். இதை விரிவுரையாளர்கள் உணர்ந்தால் முதல் வருடத்தில் பல பிள்ளைகள் மௌனமாவது குறையும்.

இதற்கு எல்.எம்.எஸ்.ஸில் ஒரு எளிய வசதி உண்டு. எல்.எம்.எஸ்.ஸை இயக்கும் மூடுல் மென்பொருளில் சொற்கோவை என்றொரு செயற்பாடும், அதற்குத் தானியங்கி இணைப்பு வடிகட்டி ஒன்றும் இருக்கின்றன. ஒரு கலைச்சொல்லை அதில் ஒரு தடவை பதிந்துவிட்டால், அந்தப் பாடநெறியின் பக்கங்களில் அச்சொல் வரும் இடமெல்லாம் தானாகவே இணைப்பாகிவிடும். பதிவில் ஆங்கிலச் சொல், உயர்தரத் தமிழ்ப் பாடநூலில் வரும் சொல், சிங்களச் சொல், ஒரு வரி விளக்கம் இருந்தால் போதும். வாரத்துக்கு 10 முதல் 15 சொற்கள். இறுதி வருட மாணவர் இருவர் ஒரு விடுமுறையில் முடித்துவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: தமிழ்ச் சொல்லை இந்தியப் பாடநூலிலிருந்தோ இணைய மொழிபெயர்ப்பிலிருந்தோ எடுக்கக் கூடாது. ‘வகையீடு’ படித்து வந்த பிள்ளைக்கு ‘வகைக்கெழு’ இன்னொரு புதுச் சொல்லாகிவிடும்.

நல்ல வினா எப்படி இருக்கும்

மீட்டலுக்கு வினா வேண்டும். வினாக்கொத்தின் தரத்தில்தான் மற்ற எல்லாம் தங்கியிருப்பதால் இதில் நேரத்தைச் செலவிடுவது தகும். தேயிலைத் தொழில்நுட்பத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு:

100 கிலோ பச்சைக் கொழுந்தில் ஈரம் 78%. வாட்டிய பின் ஈரம் 56%. இப்போது கொழுந்தின் நிறை எவ்வளவு? (அ) 78 கிலோ (ஆ) 56 கிலோ (இ) 50 கிலோ (ஈ) 44 கிலோ.

சரியான விடை 50. ஈரம் போக எஞ்சும் உலர்பொருள் 22 கிலோ. வாட்டும்போது போவது நீர் மட்டுமே, ஆகவே அந்த 22 கிலோ அப்படியே இருக்கும். வாட்டிய கொழுந்தில் அதுவே 44% என்பதால் 22ஐ 0.44ஆல் வகுக்க 50 வரும். பிழையான விடை ஒவ்வொன்றும் ஒரு தவறான எண்ணத்திலிருந்து பிறக்கிறது. இரண்டு சதவீதங்களையும் கழித்து, வந்த 22ஐ நூறிலிருந்து கழித்தவர் 78 என்பார். ஈரத்தின் சதவீதத்தையே நிறையாக எடுத்தவர் 56 என்பார். உலர்பொருளின் சதவீதத்தை நிறையாக எடுத்தவர் 44 என்பார். இப்படி அமைந்த வினாவில் மாணவர் பிழைவிட்டாலும், எங்கே பிழைத்தார் என்பது விரிவுரையாளருக்குத் தெரிந்துவிடும். ‘100, 200, 300’ என்று நிரப்பிவைத்த விடைகளிலிருந்து ஒன்றும் தெரியாது. பிழையான விடைகளைக் கற்பனையில் தேட வேண்டியதில்லை. பழைய விடைத்தாள்களைத் திருத்தும்போது அடிக்கடி வரும் பிழைகளை ஒரு பக்கத்தில் குறித்துவைத்தால் அதுவே சுரங்கம்.

பின்னூட்டல் எழுதும்போது விடையைச் சொல்லிவிடக் கூடாது. 78ஐத் தெரிவுசெய்தவருக்கு, ‘உலர்பொருள் எத்தனை கிலோ? வாட்டும்போது அது குறையுமா?’ என்ற இரண்டு கேள்விகள் போதும். மூடுலில் பல முறை முயலக்கூடிய வினா முறையைத் தெரிவுசெய்தால் இந்தக் குறிப்பைக் கண்டபின் மாணவர் மறுபடி முயலலாம். ஒவ்வொரு பிழை முயற்சிக்கும் வினாவின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு குறையும்படி இயல்பாகவே அமைந்திருக்கும்.

அடுத்த வாரம் இதே கணக்கு சற்று நகர்ந்து வர வேண்டும்: அந்தக் கொழுந்து தூளாகி ஈரம் 3%க்கு இறங்கினால் எத்தனை கிலோ? 22ஐ 0.97ஆல் வகுக்க ஏறத்தாழ 22.7. மூன்று வாரம் கழித்து வேறு வேடத்தில்: திண்மம் 12% உள்ள 100 கிலோ பாலைத் திண்மம் 30% ஆகும்வரை சுண்டவைத்தால்? 40 கிலோ. கொழுந்தில் கற்றதைப் பாலில் அடையாளம் கண்டவர்தான் உலர்பொருள் மாறாது என்ற அடிப்படையைப் பிடித்துக்கொண்டவர்.

இதை ஒழுங்குபடுத்த, மூடுலின் வினாவங்கியில் வாரத்துக்கு ஒரு வகை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 வினா இடலாம். 15 வாரத்துக்கு 120 வினா. ஒரே செமஸ்டரில் முடியாவிட்டால் பாதியில் தொடங்கினாலும் பழுதில்லை. வாராந்தச் சிறுசோதனை 6 வினாக்களோடு நிற்கட்டும்: நான்கு அந்த வாரத்துக்குரிய வகையிலிருந்து, ஒன்று முந்திய வாரத்திலிருந்து, ஒன்று மூன்று வாரத்துக்கு முந்தியதிலிருந்து. அந்த வகைகளிலிருந்து எழுமாறாக எடுக்கும்படி அமைத்துவிட்டால் இடைவெளி தானாகவே கிடைக்கும். எண் கணக்குகளுக்கு மாறி எண்களை ஏற்கும் வினா வகை உண்டு. ஒருவருக்கு 78%, இன்னொருவருக்கு 75% என்று வரும். வட்ஸ்அப் குழுவில் விடையை அனுப்பிப் பயனில்லை, வழியைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். வழியைச் சொல்லிக்கொடுப்பது இருவருக்கும் நல்லது.

புள்ளி எவ்வளவு? மொத்தத்தில் 10% போதும் என்பது எங்கள் கருத்து. 13 சோதனையில் சிறந்த 10ஐ எடுத்தால், சிக்னலோ காய்ச்சலோ கெடுத்த வாரம் யாரையும் தண்டிக்காது. 30%, 40% என்று ஏற்றினால் பிள்ளைகள் கற்பதை விட்டுப் புள்ளியைக் காக்கத் தொடங்குவார்கள்.

விரிவுரை மண்டபத்தில்

ஹார்வர்டில் பௌதிகம் கற்பித்த எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் வகுத்த முறையை இங்கும் அப்படியே செய்யலாம். ஒரு கருத்தைச் சுருக்கமாக விளக்கிய பின் மேலே உள்ளது போன்ற ஒரு வினா. முதலில் ஒன்றிரண்டு நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைக் காட்டுவார்கள். சரியாகச் சொன்னவர்கள் 30%க்குக் குறைவென்றால் மறுபடி விளக்க வேண்டும். 70%க்கு மேலென்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகலாம். இடையில் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதிடச் சொல்லி மறுபடி கேட்க வேண்டும். முதல் வாக்கெடுப்பின் முடிவைத் திரையில் காட்டிவிடக் கூடாது. காட்டினால் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எல்லோரும் சாய்வார்கள், வாதம் நடக்காது.

150 பேர் இருக்கும் மண்டபத்தில் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நொடியில் ஒரு வைஃபை பெட்டியை நாடினால் அது திணறும், பத்து நிமிடம் காத்திருப்பில் போகும். அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு நிறத் தாள்களைத் தூக்கிக் காட்டச் சொன்னால் பத்து விநாடியில் முடியும். வாதத்தைத் தமிழில் நடத்தலாம், சிங்களத்தில் நடத்தலாம், கலந்தும் நடத்தலாம். முடிவை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் போதும். மொழிக்காகப் போன இடம் சிந்தனைக்குத் திரும்பக் கிடைப்பது அப்போதுதான்.

விஞ்ஞான, பொறியியல் பாடங்களில் செய்யப்பட்ட 225 ஆய்வுகளை ஃபிரீமன் குழுவினர் 2014இல் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சித்தியடையாதோர் 33.8%, மாணவர் வேலைசெய்யும் வகுப்புகளில் 21.8%. ஆனால் 2019இல் ஹார்வர்டில் டெலோரியே குழு செய்த ஆய்வு ஒரு எச்சரிக்கையும் தருகிறது. அத்தகைய வகுப்பில் மாணவர் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். மூளை சிரமப்படும்போது கற்றல் தடுமாறுவதாகத் தோன்றும். இதை முதல் வாரத்திலேயே மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் செமஸ்டர் முடிவில் ‘சேர் ஒன்றும் படிப்பிக்கவில்லை’ என்ற மதிப்பீடு வரும், நல்ல முறை அதோடு கைவிடப்படும்.

சிக்னல், கரண்ட், டேட்டா

2020இல் வகுப்புகள் சூமுக்கு மாறியபோது, பேராதனையைத் தளமாகக் கொண்ட லேர்ன் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு பல்கலைக்கழகங்களுக்குச் சூம் வசதியைத் தந்தது. தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகத் தளங்களுக்கான டேட்டாவை இலவசமாக்கின. செலவுப் பிரச்சினை அதில் தணிந்தது. மலைப் பிரச்சினை அப்படியே இருந்தது. வானொலி அலை மலையைச் சுற்றி வளைந்து பள்ளத்துக்குள் இறங்காது. சிக்னல் கோபுரம் தெரியும் தேயிலை மேட்டில் நான்கு கோடு காட்டும் கைப்பேசி, கீழே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஒன்றும் காட்டாது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனபோது, கோபுரங்களின் பெட்டரியும் தீர்ந்து மேட்டிலும் சிக்னல் போனது.

பலர் கவனிக்காத ஒன்று: டேட்டா இறங்கும் வழியும் ஏறும் வழியும் ஒன்றல்ல. கோபுரம் பெரும் வலுவோடு அனுப்புகிறது, கைப்பேசி அனுப்புவது அதிகபட்சம் ஏறத்தாழ 0.2 வாட். அதனால்தான் காணொளி ஓடும் இடத்திலும் ஒப்படை ஏறாமல் பாதியில் நிற்கிறது. கையெழுத்தில் 12 பக்கம் எழுதி, பக்கத்துக்கு 4 மெகாபைட் படமாக எடுத்தால் 48 மெகாபைட். ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் பக்கம் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். இந்த ஒரு பழக்கத்தை முதல் வாரத்தில் காட்டிக்கொடுத்தால் ‘சேர், அப்லோட் ஆகவில்லை’ என்ற அழைப்புகள் பாதியாகும்.

காணொளியிலும் கணக்குப் பார்க்கலாம். விநாடிக்கு 600 கிலோபிட் வீதம் ஓடும் சூம் வகுப்பு மணிக்கு 270 மெகாபைட், இரண்டு மணி விரிவுரைக்கு 540. அதே விரிவுரையின் குரலை மட்டும் 24 கிலோபிட்டில் பதிந்தால் இரண்டு மணிக்கும் சேர்த்து 22 மெகாபைட்டுக்குள் முடியும். ஸ்லைட் பீடிஎஃபைச் சுருக்கி அதோடு வைத்தால் பெரும்பாலான பாடங்களுக்குப் போதும். காணொளி உண்மையில் வேண்டிய இடங்கள் உண்டு: ஆய்வுகூடத்தில் கை அசைவு, வரைபடம் படிப்படியாக வளர்வது, கருவியைப் பொருத்துவது. அவற்றை 6 நிமிடத்துக்குள் வெட்டி இட வேண்டும். எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 69 இலட்சம் காணொளிப் பார்வைகளை 2014இல் ஆராய்ந்தபோது, காணொளி எவ்வளவு நீளமானாலும் மாணவர் இடைநிலையாகப் பார்த்தது 6 நிமிடத்துக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு வினா இருக்கட்டும்.

சிறுசோதனையை அமைக்கும்போது: திறந்திருக்கும் காலம் குறைந்தது 48 மணித்தியாலம். முடிவு நேரம் இரவு 11.59 வேண்டாம், காலை 10 மணியாக இருக்கட்டும். ஒக்டோபர், நவம்பர், ஏப்ரல் மாதங்களில் மலைநாட்டில் பிற்பகலில் இடியும் மழையும் வந்தால் மாலையில் கரண்ட் நிற்பது வழக்கம். ஆறு வினாவையும் ஒரே பக்கத்தில் இட்டால் ஒரு தடவை இறங்கினால் போதும். மூடுல் இயல்பாக நிமிடத்துக்கு ஒரு தடவை விடைகளைச் சேமிக்க முயலும். நேரம் முடிந்ததும் தானாகச் சமர்ப்பிக்கும் தெரிவைப் போட்டுவைக்க வேண்டும்.

இணையமே இல்லாத இடத்துக்கு மூடுலின் கைப்பேசிச் செயலி உதவும். மேட்டில் இறக்கி, லயத்தில் விடையெழுதி, மறுநாள் பஸ் தரிப்பிடத்தில் ஏற்றலாம். இதற்குச் சிறுசோதனையின் அமைப்பில் ‘செயலியில் இணையமின்றிச் செய்ய அனுமதி’ என்பதை விரிவுரையாளர் திறந்துவிட வேண்டும். நேரக் கட்டுப்பாடு இருந்தால் இது வேலைசெய்யாது. பின்னூட்டல் சமர்ப்பித்த பின்னரே வரும் முறையும் வேண்டும், மேலே சொன்ன பல முறை முயலும் முறை இதற்குப் பொருந்தாது. எதை விடுவது என்று விரிவுரையாளர்தான் தீர்மானிக்க வேண்டும். வகுப்பில் பலர் தோட்டப்புறங்களிலிருந்து இணைவதானால் இணையமின்றிச் செய்வதையே நாம் தெரிவுசெய்வோம்.

குப்பியும் செயற்கை நுண்ணறிவும்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் குப்பி என்பது பழைய வழக்கம். பரீட்சைக்கு முன் மூத்த மாணவரோ பாடம் நன்றாகத் தெரிந்த சக மாணவரோ விடுதியில் அல்லது வெற்று விரிவுரை அறையில் மற்றவர்களுக்குத் தாய்மொழியில் சொல்லிக்கொடுப்பார். அதிகம் கற்பவர் சொல்லிக்கொடுப்பவர்தான், தேடி எடுக்கும் வேலை அவருடையது. ஆகவே குப்பியைப் பரீட்சை வாரத்திலிருந்து எடுத்து, நான்காம் வாரத்திலிருந்தே ஐவர் அறுவர் கொண்ட குழுக்களாக, ஒவ்வொரு வாரமும் வேறொருவர் விளக்கும்படி மாற்றினால் பலன் எல்லோருக்கும் பரவும். துறை தர வேண்டியது ஓர் அறையும் பாஸ் பேப்பரும் (கடந்த வருட வினாத்தாள்களும்) தான்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை மாணவர் ஏற்கெனவே பாவிக்கிறார்கள், தமிழில் கேட்டு விளங்கிக்கொள்வது மொழிச்சுமை உள்ளவருக்குப் பெரிய உதவி. ஆபத்தும் அதே இடத்தில்தான். துருக்கியில் ஏறத்தாழ 1,000 உயர்நிலைப் பாடசாலை மாணவரோடு நடந்த கணித ஆய்வில், சாதாரண உரையாடியோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48% கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, கருவியே கிடைக்காதவர்களை விட 17% குறைவாக எடுத்தார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியைப் பாவித்தவர்களுக்கு இந்த இழப்புப் பெரும்பாலும் இல்லை. அதனால் மாணவர் இடும் கட்டளை முக்கியம்: ‘நான் எழுதிய தீர்வு இது. விடையைச் சொல்லாதே. முதல் பிழை எந்த வரியில் என்று மட்டும் சொல், பிறகு எனக்கொரு கேள்வி கேள்.’ முதலில் தானாக எழுதிய முயற்சி இல்லாமல் கருவியைத் திறப்பதில்லை என்ற ஒழுங்கும் வேண்டும்.

கடைசியாக, எல்.எம்.எஸ்.ஸில் யாரும் அதிகம் பார்க்காத ஒரு பட்டியலைப் பற்றி. பாடநெறியின் பங்குபற்றுநர் பக்கத்தில் ஒவ்வொருவரும் கடைசியாக நுழைந்த நாள் இருக்கும். மூன்றாம் வார இறுதியில் அதை வரிசைப்படுத்திப் பார்த்தால் பத்து நாளாக வராதவர்கள் மேலே வந்து நிற்பார்கள். அவர்களை ஒரு தடவை தொலைபேசியில் அழைத்தால் காரணம் வெளிவரும்: உடைந்த திரை, அண்ணன் தங்கையோடு பங்குபோடும் ஒரே கைப்பேசி, ரீலோட் போடக் காசில்லாத மாதம். துறையின் கணினி அறையை இரவு 8 மணிவரை திறந்துவைப்பதும், ஆறு வினாவை அச்சடித்த தாளாகத் தருவதும் சின்ன ஏற்பாடுகள். பல பீடங்களில் பரீட்சைக்கு அமர 80% வரவு வேண்டும். மூன்றாம் வாரத்தில் அழைத்தால் அந்த மாணவருக்கு அதை எட்ட இன்னும் வழியுண்டு. பத்தாம் வாரத்தில் அழைத்தால் இல்லை.